நாற்பத்தெட்டில் பதினெட்டு

ஓரிக்கை, காஞ்சிபுரம்
12 பிப்ரவரி 2024

தம்பி உதயகுமாருக்கு,

அபியின் அப்பா முனுசாமி எழுதுகிறேன். எத்தனையோ முறை போன் அடித்துப் பார்த்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காதவனைத் திட்ட முடியாது. எழுதினால் திட்டலாம். அதனால்தான் உன் கல்லூரி விலாசத்துக்குக் கூரியரில் போடுகிறேன். கையெழுத்து சுமாராகத்தான் இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன், அதற்கப்புறம் எழுதியதெல்லாம் பில்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டுத் தறி கார்த்திகையிலிருந்து நின்றுகிடக்கிறது. என் பெண்ணின் கல்யாணப் புடவை அதில் பாதியில் இருக்கிறது. தையில் உனக்கும் அவளுக்கும் முகூர்த்தம் குறித்திருந்தோம். டெங்குக் காய்ச்சல் முந்திக்கொண்டது. தை வந்தது, போனது. இப்போது மாசி பிறக்கப்போகிறது. உன் அப்பா தறியில் கை வைக்கமாட்டேன் என்கிறார். ஆள் அனுப்பிக் கேட்டேன். "பையன் சொன்னாத்தான்" என்று பதில் வந்தது. ஆக, முடிவு உன் கையில் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நெய்த வரைக்கும் அறுத்து என்னிடம் கொடுத்துவிடச் சொல். நூலும் கொடுத்து, நெய்த புடவையையும் விற்கிற வியாபாரி சொல்கிறேன், கேள். தறியில் சும்மா கிடக்கிற பட்டு தொய்ந்துபோகும், ஜரிகை கறுக்கும், எலி சும்மா இருக்காது. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கிற அந்தப் பாவில் மூன்று புடவைக்கு நூல் இருக்கிறது. அவளுடையது முதல் புடவை. பின்னால் இரண்டு காத்துக்கிடக்கின்றன. உன் அப்பா அம்மா எதைச் சாப்பிடுவார்கள்?

அவளை அடக்கம் செய்த அன்று காலையில் இதையேதான் கேட்டு வந்தேன். கையில் கத்தரிக்கோலோடு வந்தேன். பாதிப் புடவையாக இருந்தாலும் அவளுடைய புடவையைப் போர்த்தி அனுப்பலாம் என்று நினைத்தேன். உன் அப்பா தறிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "அறுக்க வுடமாட்டேன்" என்றார். நீ பக்கத்தில் நின்றாய். வாயைத் திறக்கவில்லை. வேறு ஒரு பார்ட்டிக்காகக் கடையில் எடுத்துவைத்திருந்த புடவையைக் கட்டித்தான் எங்கள் சொந்த ஊர் தென்னேரி ஏரிக்கரையில் அவளை வைத்தோம்.

நாங்கள் யார், நீங்கள் யார் என்பதெல்லாம் நிச்சயதார்த்தத்தோடு தீர்ந்தது என்று இருந்தேன். அன்றைக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. மனசில் இருப்பதை மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஒரு வரி போதும். 'அறுக்கலாம்' என்று எழுதி அனுப்பு.

முனுசாமி


ஐதராபாத்
25 பிப்ரவரி 2024

ஐயா,

கடிதம் வந்தது. போன் எடுக்காததற்கு மரியாதைக் குறைவு காரணமில்லை. பேசும்போது நீங்கள் "ஆங்" என்று ஓர் இழுப்பு இழுப்பீர்கள். அபிக்கும் அதே இழுப்பு. டிசம்பரில் ஒரு முறை உங்கள் போனை எடுத்தேன். அந்தச் சத்தம் வந்ததும் கட் பண்ணிவிட்டேன். அது நான்தான், நெட்வொர்க் இல்லை.

'அறுக்கலாம்' என்று எழுத என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புடவையின் உடலில் எழுபத்தைந்து ருத்ராட்ச புட்டா, முந்தானையில் நாற்பத்தெட்டு தாமரை மொட்டு. இந்த எண்ணிக்கையை அபி குறித்துக் கொடுத்தாள் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் என்று அவள் சொல்லியிருக்கமாட்டாள். சொன்னால் சிரிப்பீர்கள் என்றாள்.

48ஐ மீதியில்லாமல் வகுக்கிற எண்களை எடுங்கள். ஒன்றை விட்டுவிடுங்கள், 48ஐயும் விட்டுவிடுங்கள். மிச்சம்: 2, 3, 4, 6, 8, 12, 16, 24. கூட்டினால் 75. இப்போது 75ஐ எடுங்கள். அதேபோல ஒன்றையும் அதையும் விட்டால் 3, 5, 15, 25. கூட்டினால் 48. ஒன்றின் பங்காளிகளைச் சேர்த்தால் மற்றது வருகிறது. இப்படி அமைகிற ஜோடிக்குக் கணிதத்தில் 'நிச்சயிக்கப்பட்ட எண்கள்' என்று பெயர். நிச்சயதார்த்தத்தில் வருகிற அதே நிச்சயம்தான். இருப்பதிலேயே சின்ன ஜோடி 48, 75. அடுத்தது 140, 195. இதுவரை கண்டுபிடித்த ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. இரண்டும் ஒரே இனமாக ஒரு ஜோடிகூடக் கிடைத்ததில்லை. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எம்.எஸ்சி. படித்தபோது இதைக் கேட்டுவிட்டு, வகுப்பு என்றும் பார்க்காமல் அபி பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் விஷயம் அப்போது இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

48 அவளாம், 75 நானாம். "நீ உருவத்துல பெருசு, ஆனா பங்காளி நாலே பேரு. எனக்குப் பாரு, எட்டு பேரு. யார் வந்து கேட்டாலும் பிரிச்சுக் குடுப்பேன். நான் வியாபாரி பொண்ணு" என்பாள். மொத்தமாகப் பத்து எண்கள் வகுக்கக்கூடிய எண்களில் 48தான் மிகச் சிறியது. அதோடு ஒன்றைச் சேர்த்தால் 49, ஏழின் வர்க்கம். பாதியாக்கி ஒன்றைச் சேர்த்தால் 25, ஐந்தின் வர்க்கம். இப்படி இரண்டு பக்கமும் வர்க்கம் வருகிற எண்களிலும் அதுதான் முதல். இதையெல்லாம் சொல்லி நாள் முழுக்கப் பெருமையடித்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் முதலில் உடலை நெய்துவிட்டு, முந்தானையைக் கடைசியில் நெய்வோம். என் எழுபத்தைந்தும் முடிந்துவிட்டது. அவளுடையதில் வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை. பதினெட்டில் நிற்கிறது.

பதினெட்டில் எப்படி அறுக்கச் சொல்வேன்? அதனால்தான் அன்றைக்கு வாய் வரவில்லை. அப்பா என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உதயகுமார்


ஓரிக்கை
4 மார்ச் 2024

தம்பி உதயகுமாருக்கு,

போன வருஷம் 'மாமா' என்று எழுதியவன் இப்போது 'ஐயா' என்று எழுதுகிறாய். நானும் மாப்பிள்ளை என்று எழுதவில்லை. சரிக்குச் சரி.

உன் கணக்கைக் கடை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். எழுபத்தைந்து வருகிறது. திருப்பிப் போட்டேன், நாற்பத்தெட்டு வருகிறது. சந்தேகத்துக்கு நூற்று நாற்பதையும் போட்டேன். அதுவும் நூற்றுத் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. கல்லாவில் யாரும் இல்லாத நேரம். கொஞ்ச நேரம் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை என்னிடம் சொல்ல அவளுக்கு என்ன? சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டுப் போட்டும் பார்த்திருப்பேன்.

ஒரு சந்தேகம். ஒன்றை ஏன் விடுகிறீர்கள்? ஒன்றும் நாற்பத்தெட்டை வகுக்கிறது இல்லையா? சரக்கில் ஒன்றை விட்டுவிட்டு எண்ணுகிறவனை எங்கள் தொழிலில் திருடன் என்போம். நீங்கள் படித்தவர்கள், அதற்கு ஒரு பெயர் வைத்து ஜோடி சேர்த்துவிட்டீர்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு யாரும் இரட்டைப்படையில் நிறுத்துவதில்லை. ஐம்பத்தொன்று, நூற்றியொன்று. எதை வைத்தாலும் மேலே ஒன்று வைப்போம். அதைத்தான் அவளிடம் சொன்னேன். "நாப்பத்தொம்பதா போட்டுடு கண்ணு, ஓரத்துல தனியா ஒண்ணு" என்றேன். என்ன ஆட்டம் ஆடினாள்! கடையில் வேலூர் பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே, "உனுக்கு எங்க பார்த்தாலும் ஒண்ணு சேக்கணும்பா, சும்மா இருக்கவே தெரியாது" என்று கத்திவிட்டுப் போனாள். சங்கரி என்று கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டுப் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

யோசித்துப் பார்த்தேன். நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பதினெட்டில் அறுக்க வேண்டாம். நெய்து முடிக்கட்டும். ஆனால் நாற்பத்தொன்பதாக முடிக்கட்டும். நல்லது கெட்டது பார்க்க இனி என்ன இருக்கிறது, அதற்காகக் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு அவள், எழுபத்தைந்து நீ. அந்தத் துணியில் எனக்கு என்ன இருக்கிறது? நூல் என் நூல் என்று சொல்லலாம். நூலைப் பார்த்து யார் என்னை நினைக்கப்போகிறார்கள்? ஓரத்தில் ஒரு மொட்டு. அது நான். அதற்குக்கூட மனசு வராதா உனக்கு?

முனுசாமி


ஐதராபாத்
17 மார்ச் 2024

மாமா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மூன்று முறை நாற்பத்தொன்பதுக்குச் சரி என்று எழுதினேன். ஒரு மொட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. பிறகு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்றும் தோன்றியது. இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தோன்றுகிறது.

49ஐ ஏழு மட்டும்தான் வகுக்கும். ஒன்றையும் அதையும் விட்டால் மிஞ்சுவது அந்த ஒற்றை ஏழு. எழுபத்தைந்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போய்விடும்.

ஒன்றை ஏன் விடுகிறோம் என்று கேட்டீர்கள். எங்கள் புரொபசரிடம் அபி கேட்ட அதே கேள்வி. அவர் ஏதோ ஒரு விளக்கம் சொன்னார். அவளுக்குப் பிடிக்கவில்லை. கடையில் உங்களோடு சண்டை போட்ட அன்று சாயங்காலம், சர்வதீர்த்தக் குளத்தங்கரையில் அவளே ஒரு விளக்கம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஒண்ணு எந்த நம்பரைத்தான் வகுக்காது? அது இல்லாத நம்பரே கெடையாது. ரெண்டு பேருக்கு நடுவுல என்ன உறவுன்னு பாக்கறப்போ, எல்லார்கிட்டயும் இருக்கறதை எண்ணி என்னடா பிரயோஜனம்? எங்கப்பா மாதிரி. எண்ணினாலும் இருப்பாரு, எண்ணலைன்னாலும் இருப்பாரு. அவரு வேற தனியா ஓரத்துல ஒரு மொட்டு கேக்கறாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபம் போய்விட்டிருந்தது. உங்களுக்கு அன்றைக்கு ராத்திரி பாதாம் அல்வா வாங்கிவந்து கொடுத்தாளே, அந்த நாள்.

புடவை நாற்பத்தெட்டில் முடியட்டும், மாமா. அப்பாவுக்கும் இதே கூரியரில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஆனால் அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது கோர்வைப் புடவை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா தனியாக ஓட வேண்டும். அப்பா நடுவில் நெய்ய, வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கோக்க வேண்டும். தன் புடவைக்குத் தானே கரை தள்ளுவேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அபிதான் வந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் கூலிக்கு ஓர் ஆளை உட்கார வைக்க அப்பா சம்மதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உதயகுமார்


ஓரிக்கை
14 ஏப்ரல் 2024

உதயகுமாருக்கு,

சித்திரை ஒன்று. வீட்டில் பாயசம் வைக்கவில்லை. உன் கடிதத்தை அபியின் அம்மா செல்லியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த அல்வா வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள். நாற்பத்தொன்பது என்கிற பேச்சை விட்டுவிட்டேன். அதைப் பற்றி மேற்கொண்டு கேட்காதே.

உங்கள் வீட்டுக்குப் போனேன். அடக்கத்தன்று போனது, அதற்கப்புறம் இதுதான். வாசலில் நின்று கூப்பிடலாமா, உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா வள்ளி பார்த்துவிட்டார்கள்.

"என்னா பா வாசல்லயே நின்னுக்கினு? உள்ள வா. உன் சம்பந்தி கொலு பொம்மையாட்டம் தறியைப் பார்த்துக்கினு ஒக்காந்துகினுகிறாரு. நாலு மாசமா இதே வேலை. நீயாவது வந்து ரெண்டு திட்டு திட்டு, எனக்குத் திட்டித் திட்டி வாய் வலிக்குது."

உன் அப்பா என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நானும் உட்காரவில்லை. மனசுக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் குடுக்கல கலியாணசுந்தரம்? எங்க பொண்ணுன்றதாலயா?" என்றேன்.

அவர் தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னார். "நீ அப்படித்தான் நெனைப்பேன்னு தெரியும் பா. நெனைக்கறதுக்கு உனக்குக் காரணமும் இருக்குது. ஆனா அது இல்ல. அறுத்துட்டா முடிஞ்சுபூடும். அன்னிக்குக் காலையில அபி அந்தக் கரை எடத்துல ஒக்காந்துக்கினு, 'மாமா, நீங்க ரொம்ப ஸ்பீடா போறீங்க, எனுக்குக் கை வரல'ன்னு சொல்றா மாதிரியே இருந்துச்சு. நீ கத்தரிக்கோலைத் தூக்கிக்கினு வந்துட்ட. எனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. அவ்ளோதான். இப்பவும் தெளியல."

வியாபாரத்தில் எதிராளி பொய் சொல்வது எனக்கு உடனே தெரிந்துவிடும். அவர் சொன்னது பொய் இல்லை.

"பையன் முடிச்சுடச் சொல்லிட்டான். ஆனா கரைக்கு ஆளு? வேற ஒருத்தரை அங்க ஒக்காரவெச்சு நெய்ய என்னால ஆவாது" என்றார்.

"நான் ஒக்கார்றேன்" என்றேன்.

உன் அம்மா சிரித்தேவிட்டார்கள். "ஆமா, இந்தத் தொப்பையைத் தூக்கிக்கினு நீ தறிக் குழியில எறங்கினா, மறுபடி மேல ஏத்தறதுக்கு ஜேசிபிதான் கொண்டாரணும்."

சிரிக்கட்டும். நான் இந்தத் தொழிலுக்கு எந்த வாசல் வழியாக வந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் நின்றதும் தென்னேரியிலிருந்து வந்து முதலில் உட்கார்ந்தது கரை நாடாவுக்குத்தான். தறி வரைக்கும்தான் அப்போது எங்களுக்கு அனுமதி. தண்ணீர் வேண்டுமென்றால் கொல்லைப் பக்கம் போய்க் கையில் வாங்கிக் குடிப்போம். கடை போட்டு நாலு காசு பார்த்த அன்றே, இனி எந்தத் தறியிலும் உட்காரமாட்டேன் என்று முடிவு செய்தேன். அதை மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம்தான் ஆனது. இறங்கி உட்கார்ந்ததும் வள்ளி காபி கொண்டுவந்து வைத்தார்கள். அபி குடிக்கிற டம்ளர்.

கை மறக்கவில்லை, முதுகுதான் மறந்துவிட்டது. முதல் நாள் நாலு விரற்கடைகூட ஏறவில்லை. உன் அப்பா நாடாவை அடிப்பார், நான் கோத்துத் தள்ளுவேன். நடுவில் ஒரு தரம், "நீ ரொம்ப இறுக்கறே பா, அவ கொஞ்சம் லூஸா வுடுவா" என்றார்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். பதினெட்டாவது மொட்டு வரைக்கும் கரை சேருகிற கோடு லேசாக நெளிந்து வருகிறது. அதற்கு மேல் ரூல் போட்டதுபோல நேராகப் போகிறது. அவள் கை நின்ற இடமும் என் கை தொடங்கிய இடமும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. யாராவது என் கடைக்கு இப்படி ஒரு புடவையைக் கொண்டுவந்திருந்தால் 'செகண்ட்ஸ்' என்று தள்ளி, விலையைக் குறைத்திருப்பேன்.

லூஸாக விட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

கடையைச் சங்கரி பார்த்துக்கொள்கிறாள். மத்தியானத்துக்கு மேல் தினமும் போகிறேன். முடிகிற அன்றைக்கு நீ வந்து அறு. அறுக்க வேண்டிய கை உன்னுடையது.

முனுசாமி


ஐதராபாத்
9 மே 2024

மாமா,

வெள்ளிக்கிழமை என்னை ரங்கசாமி குளம் ஸ்டாப்பில் பார்த்ததாக ஆட்டோக்காரர் ஜெயக்குமார் சொன்னதாகவும், வீட்டுக்கு ஏன் வரவில்லை என்றும் அம்மா போனில் அழுதாள். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வந்தேன், உண்மைதான். முடிகிற நேரம் என்று அம்மா சொல்லியிருந்தாள். தெருமுனை வரைக்கும் நடந்தே வந்தேன். கரண்ட் இல்லை. யார் வீட்டிலும் டிவி ஓடவில்லை, மிக்ஸி ஓடவில்லை. எங்கள் தறிச் சத்தம் முனைவரைக்கும் கேட்டது. சிறு வயதிலிருந்து கேட்ட சத்தம். அப்பா அடிக்கிற ஒரு 'டக்', அதற்கப்புறம் கரை நாடா போகிற சின்னச் சத்தம், மறுபடி 'டக்'. இரண்டு பேர் நெய்கிற சத்தம்.

அது நீங்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தெரிந்தும் ஒரு நிமிஷம் தெரியவில்லை. ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த முனையில்தான் இந்தச் சத்தம் காதில் விழும், அவள் வந்துவிட்டாள் என்று நடையை எட்டிப் போடுவேன். கால் தானாக எட்டிப் போட்டது, மாமா. நான்கைந்து வீடு தாண்டிவிட்டேன். அப்புறம்தான் நின்றேன். அங்கே போய்க் கதவைத் திறந்தால் நீங்கள் இருப்பீர்கள். உங்களைப் பார்த்து என் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரிந்தது. அதை நீங்கள் பார்க்கக் கூடாது. திரும்பிவிட்டேன்.

அறுக்க வரமாட்டேன். நீங்களும் அப்பாவும் செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். முடிந்ததும் புடவையை எனக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே என் அறையில் ஒரு பீரோ இருக்கிறது. அதில் என் துணி ஒரு தட்டு, மீதித் தட்டெல்லாம் காலி. வெயில் படாமல், பூச்சி வராமல் வைத்துக்கொள்வேன். வேறு எதையும் உங்களிடம் கேட்கமாட்டேன். அவளுடையது என்று என்னிடம் எதுவுமே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

உதயகுமார்


ஓரிக்கை
27 மே 2024

உதயகுமாருக்கு,

புடவை முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு.

கடைசி வரிசையில் ஆறாவது மொட்டு முடிந்ததும் உன் அப்பா நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓரத்துல எடம் இருக்குது பா. ஒண்ணு போடட்டுமா? யாருக்கும் சொல்ல வேணாம்" என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவரே அறுக்கட்டும் என்று கத்தரிக்கோலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இரண்டு கிழவர்கள் ஒரு கத்தரிக்கோலை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வள்ளி வந்து, "ஏன், நல்ல நேரம் பார்க்கறீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு அவர்களே அறுத்தார்கள். அறுத்துவிட்டு உள்ளே போனவர்கள் நான் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து செல்லியம்மாளின் மடியில் வைத்தேன். அவள் புட்டாவை எண்ணவில்லை. விலை உயர்ந்தது, அழகு என்று எதுவும் சொல்லவில்லை. "எதுவரைக்கும் அவ கை?" என்று மட்டும் கேட்டாள். அந்த இடத்தை விரலால் காட்டினேன். அந்த நெளிந்த கோட்டின் மேல் விரலை வைத்து மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். எப்படி வாரிவிட்டாலும் அபிக்கு வகிடு கோணலாகத்தான் வரும். அதைத் தடவுகிறாள் என்று எனக்குப் பட்டது. நான் கடைக்குப் போய்விட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். புடவையை உனக்கு அனுப்பமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. முழுதாகக் கேள். உனக்கு இருபத்தெட்டு வயது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் உன் வீட்டுக்கு வருவாள். வர வேண்டும். அவள் அந்த பீரோவைத் திறப்பாள். தன்னுடைய துணியை வைக்கத் தட்டு தேடுவாள். அங்கே ஒரு கட்டாத கல்யாணப் புடவை இருக்கும். யாருடையது என்று கேட்பாள். நீ பொய் சொல்லத் தெரியாதவன், சொல்லிவிடுவாய். அதற்கப்புறம் அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? நீ அந்த ஜோடிக் கணக்கைச் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாளா? அவளுக்கு அதில் எந்த எண்ணும் இல்லையே.

பட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மடித்தே வைத்திருந்தால் மடிப்பில் கிழியும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றிப் போட வேண்டும். அதைச் செல்லியம்மாள் செய்வாள். எங்களுக்கு இனிமேல் வீட்டுக்கு வரப்போகிறவர்கள் யாரும் இல்லை. இருக்க வேண்டிய இடம் இதுதான்.

அம்மனுக்குச் சாத்திவிடலாம் என்று கடைத்தெருவில் நாலு பேர் சொன்னார்கள். சாத்தின புடவையெல்லாம் பிறகு ஏலத்துக்கு வரும். நானே ஏலம் எடுத்து விற்றிருக்கிறேன். அதெல்லாம் சரிப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்குப் பதில் எழுதாதே. உன் கடிதம் வருகிற அன்று எனக்கு நல்ல நாளாக இருக்கிறது. அபியைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கும். அவள் குளத்தங்கரையில் சொன்னது, வகுப்பில் திரும்பிப் பார்த்தது. நான் இப்படியே கேட்டுக்கொண்டிருப்பேன், நீயும் தோண்டித் தோண்டி எழுதிக்கொண்டிருப்பாய். ஒரு நாள் சொல்வதற்குத் தீர்ந்துபோகும். அப்போது நீ எதையாவது புதிதாகச் சேர்த்து எழுத ஆரம்பிப்பாய், நானும் தெரிந்தே வாங்கிக்கொள்வேன். அந்த வியாபாரம் நம் இரண்டு பேருக்கும் வேண்டாம். உன் அம்மாவோடு பேசு. அவர்கள் போனை எடு. தீபாவளிக்கு வந்து போ. எங்கள் தெருப் பக்கம் வர வேண்டியதில்லை.

உன் அப்பா மறுபடியும் நெய்கிறார். அதே பாவில் இரண்டாவது புடவை. அதே அரக்கு, அதே பச்சைக் கரை. பாவை மாற்ற முடியாதே. புட்டா மட்டும் சாதாரண மாங்காய். கரைக்கு ஓர் ஆள் கூலிக்கு வருகிறாள், துர்காதேவி என்று பெயர், நல்ல கை. நான்தான் பார்த்து வைத்தேன். உன் அப்பா முதல் நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவளை "மெதுவா தள்ளு மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் புடவைக்கு ஆர்டரும் வந்துவிட்டது. நேற்று அந்த வேலூர் பார்ட்டி வந்தார்கள். ஆவணியில் அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணமாம். தறியிலேயே வந்து பார்த்துவிட்டு இதுதான் வேண்டும் என்றார்கள். விலை பேசி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன். பெண்ணும் கூட வந்திருந்தாள். புடவையைத் தோளில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். தறியில் இருக்கிறதை எப்படிப் போட்டுப் பார்ப்பது, அறுத்ததும் வா என்று சொல்லி அனுப்பினேன். வழக்கமாகப் பெண்ணிடம் பெயர் கேட்டு, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டு, நாலு வார்த்தை பேசித்தான் அனுப்புவேன். அது வியாபாரத்துக்கு நல்லது.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை.

முனுசாமி